களைப்பு ஊழன்று!

(தனித்தமிழ் அன்பர்களின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உழைப்பு வேறு, களைப்பு வேறு. உழைப்பு மாந்தனை உயர்த்துவது. வீண் களைப்பு அவனை வீழ்த்துவது. ஆயினும், இவ்விரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் என்றும், உழைக்கப் பிறந்தவன் களைத்தே தீர வேண்டும் என்றும் உழைப்பாளிக்குக் காலங்காலமாகச் சொல்லப்பட்டு வந்துள்ளது. முதுகு கூனினால் தலையெழுத்து. கால் வீங்கினால் தலையெழுத்து. கண் மங்கினால் அதுவும் தலையெழுத்து! உண்மை என்ன? முதுகு கூனியது பணிப்பலகை தாழ்ந்திருந்ததால். கால் வீங்கியது அமர்வதற்கு இருக்கை இல்லாததால். கண் மங்கியது விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் இல்லாததால். பலகையையும் இருக்கையையும் விளக்கையும் அமைத்தவன் மாந்தன். மாந்தன் அமைத்ததை மாந்தனே மாற்றலாம். இதில் ஊழுக்கு என்ன வேலை?

இவ்வுண்மையை ஆய்ந்து நிறுவும் அறிவியலுக்குத் தமிழில் பணிச்சூழலியல் என்று பெயர். மேலை நாட்டார் இதனை 'எர்கோனாமிக்சு' என்பர். கிரேக்கத்தில் 'எர்கோன்' என்பது பணி. 'நோமோசு' என்பது நெறி. இச்சொல்லை முதன்முதல் படைத்தவன் ஆங்கிலேயன் அல்லன் என்பதை இங்கே கருத வேண்டும். போலந்து நாட்டு இயற்கையியல் அறிஞர் வோய்சியெக்கு யாசுட்செம்பொவ்சுக்கி 1857-ஆம் ஆண்டு தம் தாய்மொழியாம் போலிய மொழியில் எழுதிய கட்டுரையில் இதனை ஆண்டார். அன்று போலந்து என்றொரு நாடே உலகப் படத்தில் இல்லை. உருசியா, பிரசியா, ஆத்திரியா என்னும் மூன்று வல்லரசுகள் அதனைக் கூறுபோட்டு விழுங்கியிருந்தன. 1918-இல்தான் அது மீண்டும் தனியரசாயிற்று. நாடிழந்த ஓர் இனத்தின் மொழியிலும் புத்தறிவு பிறக்கும் என்பதற்கு அக்கட்டுரை சான்று. அச்சொல் பின்னர் மறக்கப்பட்டு, 1949-இல் இங்கிலாந்தில் மரல் என்னும் அறிஞரால் மீண்டும் புதிதாய்ப் படைக்கப்பட்டு நிலைபெற்றது.

ஆனால், பெயர் நிலைபெறும் முன்னரே அவ்வறிவியலின் பணியை அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக் காலம் செய்தவர் ஒரு பெண்மணி. பொறியியல் பேராசிரியராகவும் பன்னிரு மக்களின் தாயாகவும் வாழ்ந்த இலில்லியன் கில்பிரெத்து அம்மையாரின் பணிவாழ்வே இன்றைய உரையின் பொருள்.

இலில்லியன் 1878-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் கலிபோர்னிய மாநிலத்து ஓக்லாந்து நகரில் பிறந்தார். 1900-இல் பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்று இளங்கலைப் பட்டம் பெற்றார். அப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழா மேடையில் மாணவர் சார்பில் உரையாற்றிய முதற் பெண் அவரே. 1904-இல் பிராங்கு கில்பிரெத்து என்பாரை மணந்தார். இத் திருமணமே இலக்கிய மாணவியைப் பொறியியலின்பால் திருப்பியது.

பிராங்கு கல்லூரி வாயிலை மிதித்தவர் அல்லர். 1885-இல், தம் பதினேழாம் அகவையில், கொத்தனாருக்குக் கையாளாய்ச் சேர்ந்தவர். சேர்ந்த சில நாள்களிலேயே அவர் ஒன்றைக் கண்டார். கற்றுக்கொடுக்கும்போது கொத்தனார் செங்கல்லை ஒருவகையில் எடுத்து வைக்கிறார். விரைந்து கட்டும்போது வேறொரு வகை. மெல்லக் கட்டும்போது மற்றுமொரு வகை. இவற்றுள் எது செவ்விய வகை? எவரும் அதை எண்ணிப் பார்த்திருக்கவில்லை. ஒவ்வொரு செங்கல்லுக்கும் கொத்தனார் தரைவரை குனிந்து நிமிர்ந்தார். கையளவு கல் ஒன்றை எடுக்கத் தம் உடம்பின் மேற்பாதி முழுவதையும் இறக்கி ஏற்றினார். நாளெல்லாம் அவர் தூக்கியது கல்லையா, தம் உடம்பையா?

பிராங்கு உயர்த்தித் தாழ்த்தத்தக்க சாரம் ஒன்றை அமைத்தார். கொத்தனாரின் இடுப்பளவில் செங்கல்லும் சாந்தும் வந்து நின்றன. கற்களை நன்முகம் பார்த்து அடுக்கித் தருவது கையாளின் வேலையாயிற்று. ஒரு கல் வைக்கப் பதினெட்டு அசைவுகள் தேவைப்பட்ட இடத்தில் ஐந்தே போதுமாயின. மணிக்கு 120 கல் வைத்தவர் 350 கல் வைத்தார். குனிதல் நீங்கியது, முதுகு பிழைத்தது.

இங்கேதான் ஒரு பெரும் வினா எழுகின்றது. மிகுந்து கட்டப்பட்ட அந்தச் செங்கற்கள் யாருக்கு? உழைப்பாளியின் முதுகைக் காக்க வந்த அறிவா இது? அல்லது முதலாளியின் பையை நிரப்ப வந்த சூழ்ச்சியா?

அக்காலத்து அமெரிக்காவில் பிரெடரிக்கு தெய்லர் என்னும் பொறிஞரின் 'அறிவியல் மேலாண்மை' பரவிக்கொண்டிருந்தது. நிறுத்துக் கடிகாரத்தைக் கையில் ஏந்தி, தொழிலாளியின் பின்னே நின்று, அவன் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நொடி எடுக்கிறான் என்று அளப்பது அம்முறை. 1911-இல் வாட்டர்டவுன் என்னும் ஊரின் அரசுப் படைக்கலச் சாலையில், இக்கடிகாரத்தை எதிர்த்து வார்ப்புத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். நாடாளுமன்றக் குழு ஆய்ந்தது. 1915-இல் அரசுப் படைக்கலச் சாலைகளில் அக்கடிகாரத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. தன்னை ஒரு பொறியாய் எண்ணி அளப்பதை எந்த மாந்தனும் பொறுத்துக் கொள்ளான் என்பதை அத்தொழிலாளர் உலகுக்குக் காட்டினர்.

கில்பிரெத்து இணையரும் முதலில் தெய்லரின் நெறியைப் போற்றியவர்களே. ஆனால், இலில்லியன் அம்மையார் அதன் குறையைக் கண்டார். கடிகாரம் நொடியை அளக்கும், நோவை அளக்குமா? வேலையை அளந்தவர்கள் வேலை செய்பவரின் உள்ளத்தை மறந்தனர். எனவே, அவர் உளவியலைப் பயின்றார். மேலாண்மையின் உளவியல் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு ஒன்றை எழுதி முடித்தார். பெர்க்கிலியிலேயே தங்கிப் படிக்க வேண்டும் என்னும் நெறியைக் காட்டி அங்கே பட்டம் மறுக்கப்பட்டது. அவ்வேட்டை நூலாக்க முன்வந்த பதிப்பகமோ, எழுதியவர் பெண் என்பது தெரியலாகாது என்றது. 1914-இல் 'எல். எம். கில்பிரெத்து' என்னும் தலைப்பெழுத்துகளோடு மட்டும் அந்நூல் வெளிவந்தது. அம்மையார் சோர்ந்தாரல்லர். பிரௌன் பல்கலைக்கழகத்தில் வேறோர் ஆய்வேடு எழுதி, 1915-இல் முனைவர் ஆனார். அப்போதே அவர் பல பிள்ளைகளுக்குத் தாய்!

இணையரின் ஆய்வுமுறை புதுமையானது. தொழிலாளி வேலை செய்வதை அவர்கள் திரைப்படக் கருவியால் படமெடுத்தனர். படத்துக்குள்ளேயே நுண்கடிகாரம் ஒன்றும் ஓடிக்கொண்டிருக்கும். விரல்களில் சிறு விளக்குகளைப் பொருத்தி, இருட்டில் அவ்வொளி வரையும் கோட்டையும் ஒளிப்படமாக்கினர். கை வீணாக எங்கே வளைகிறது, எங்கே தயங்குகிறது என்பதை அக்கோடு காட்டிவிடும். எவ்வகைக் கைவேலையும் தேடுதல், பற்றுதல், ஏந்திச் செல்லுதல், பொருத்துதல், விடுதல் என ஏறத்தாழப் பதினெட்டு அசைவுக்கூறுகளால் ஆனது என்று வகுத்தனர். அக்கூறுகளுக்குத் தம் குடிப்பெயரையே தலைகீழாய்த் திருப்பி, 'தெர்பிளிக்கு' என்று பெயரிட்டனர்.

அப்பட்டியலில் ஒரு கூறை ஊன்றிக் காண வேண்டும். 'களைப்பு நீங்க ஓய்தல்' என்பதும் அதில் ஒன்று! ஓய்வை வேலையின் பகையாய்க் கருதிய உலகில், ஓய்வை வேலையின் உறுப்பாகவே எழுதிவைத்தனர் அவ்விருவரும். ஓய்பவன் திருடன் அல்லன். ஓய்வும் பணியின் ஒரு கூறு. தொழிலாளி நெடுங்காலமாகத் தன் உடம்பால் அறிந்திருந்ததை அறிவியல் அன்று ஒப்புக்கொண்டது.

1916-இல் இருவரும் 'களைப்பு ஆய்வு' என்னும் நூலை வெளியிட்டனர். தேவையற்ற களைப்பே மாந்தக் குலத்தின் மிகப்பெரும் வீணடிப்பு என்பது அந்நூலின் கொள்கை. கைக்குட்டை மடிக்கும் பெண்களுக்கு, ஐந்து மணித்துளி வேலை, ஒரு மணித்துளி ஓய்வு என்று வகுத்துத் தந்ததை அந்நூல் விளக்குகிறது. சில வேளை அமர்ந்தும் சில வேளை நின்றும் வேலை செய்ய அவர்கள் விடப்பட்டனர். வேலை குறையவில்லை, முன்னினும் மிகுந்தது. அமர்வதால் வேலை கெடும் என்னும் பழங்கருத்து அங்கே பொய்யாயிற்று.

இருக்கையைப் பற்றி அவ்விணையர் கொண்ட அக்கறை பெரிது. பிராவிடன்சு நகரில், களைப்பு நீக்கும் கருவிகளுக்கென்றே அவர்கள் ஓர் அருங்காட்சியகம் அமைத்தனர். தொழிலாளரின் களைப்பைக் குறைக்கும் நாற்காலிகள் அதில் தலையாய இடம் பெற்றன. அரசர்களின் அரியணையைக் காட்சிக்கு வைத்த உலகில், உழைப்பாளியின் நாற்காலியைக் காட்சிக்கு வைத்தவர்கள் அவர்கள். நின்றாலும் அமர்ந்தாலும் கை ஒரே உயரத்தில் இயங்குமாறு பலகையும் நாற்காலியும் பொருந்த வேண்டும். இரண்டில் எதை வேண்டுமானாலும் தொழிலாளி விரும்பியவாறு கொள்ள வேண்டும் என்பது அவர்கள் நெறி.

முதல் உலகப் போர் முடிந்தது. கையிழந்தோரும் காலிழந்தோரும் ஊர் திரும்பினர். 'இவர்கள் இனி எதற்கும் ஆகார்' என்றது உலகம். 'வேலையை இவர்களுக்கு ஏற்ப மாற்றுக' என்றனர் இவ்விருவர். உடற்குறையுற்றோருக்கான அசைவாய்வு பற்றிய அவர்கள் நூல் 1920-இல் வெளிவந்தது. மாந்தனுக்கேற்ப வேலையை வளைக்க வேண்டுமே அன்றி, வேலைக்கேற்ப மாந்தனை முறிக்கலாகாது என்பதே பணிச்சூழலியலின் உயிர்க்கொள்கை. அக்கொள்கை இந்நூலில் துலங்குகிறது.

1924-ஆம் ஆண்டு சூன் 14-ஆம் நாள் பிராங்கு மாரடைப்பால் மறைந்தார். கடைசிக் குழந்தைக்கு அகவை இரண்டு. பிராகு நகரில் நடைபெறவிருந்த உலக மேலாண்மை மாநாட்டுக்குச் செல்ல இருந்தவர் அவர். அம்மையார் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, கணவருக்கு மாற்றாய்த் தாமே கப்பலேறினார். திரும்பி வந்தபோது காத்திருந்தது மற்றோர் அடி. கணவரோடு ஒப்பந்தம் செய்திருந்த தொழிலகங்கள் பல, பெண்ணின் அறிவுரை தேவையில்லை என்று ஒதுங்கின. அவர் வீட்டிலேயே வகுப்புத் தொடங்கினார். தொழிலகங்கள் அவரிடம் வர மறுத்தன. எனவே தொழிலகங்களின் அலுவலரை அவர் தம் மாணவராக்கினார்!

ஆடவர் தொழிற்சாலைக் கதவை மூடியபோது, உலகின் மிகப்பெரிய தொழிற்சாலை ஒன்றை அவர் கண்டார். அதற்கு முதலாளி இல்லை, கூலியும் இல்லை, விடுமுறையும் இல்லை. அதன் பெயர் அடுக்களை! அங்கே நிற்கும் பெண் ஒரு நாளைக்கு எத்தனை அடி நடக்கிறாள், எத்தனை முறை குனிகிறாள் என்று அதுவரை பொறியியலார் எத்தனை பேர் எண்ணினர்? அம்மையார் எண்ணினார். 1929-இல், புரூக்ளின் எரிவளி நிறுவனம் ஒன்றுக்காக அவர் வகுத்த அடுக்களையில் அடுப்பும் பணிப்பலகையும் குளிர்ப்பெட்டியும் கைக்கெட்டும் தொலைவில் சுற்றி நின்றன. செம்புற்றுப் பழப் பணியாரம் ஒன்றைச் செய்து பார்த்தபோது, முன்பு 281 அடி நடந்தவர் 45 அடியே நடந்தார்.

செனரல் எலக்ட்ரிக்கு நிறுவனத்துக்காக அவர் 4000-க்கும் மேற்பட்ட பெண்களை வினவி, அடுப்பும் கழுவுதொட்டியும் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று வரையறுத்தார். இங்கே அவரது ஆய்வுநெறி புலப்படுகிறது. தம் வீட்டு அடுக்களையில் மிகுதியும் நின்று பழகியவர் அல்லர் அவர். எனவே, தெரிந்தவராய்க் காட்டிக்கொள்ளாமல், தெரிந்தவரைக் கேட்டார். வேலையை அறிந்தவர் வேலை செய்பவரே. ஆய்வாளர் அவர் வாய்மொழியை எழுதிக்கொள்ள வேண்டியவர். இன்று வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் காணும், காலால் மிதித்தால் மூடி திறக்கும் குப்பைத் தொட்டியும், குளிர்ப்பெட்டிக் கதவின் உட்பக்கத் தட்டுகளும் அவர் பெயரோடு இணைத்துச் சொல்லப்படுவன.

1935-இல் இந்தியானா மாநிலத்துப் பர்டியூ பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அமர்த்தியது. அதன் பொறியியற் பள்ளியில் பேராசிரியரான முதற் பெண் அவரே. அங்கே அசைவாய்வுக் கூடம் உருவாகத் துணைநின்றார். தொழிற்சாலைக்கு மட்டும் உரியதாய் இருந்த அவ்வாய்வு உழவர் வேலைக்கும் பயன்படும் என்று காட்டினார். 1948-இல், எழுபதாம் அகவையில், அப்பணியினின்று ஓய்வு பெற்றார். ஓய்வும் பெயரளவில்தான்! நெஞ்சாங்குலை நோயுற்ற பெண்களும் உடற்குறையுற்ற பெண்களும் மூச்சு வாங்காமல் வேலை செய்தற்குரிய அடுக்களைகளை வகுப்பதில் ஈடுபட்டார். 1960-கள் வரை ஊர் ஊராய்ச் சென்று உரையாற்றினார். 1965-இல் அமெரிக்க நாட்டுப் பொறியியற் கழகத்துக்குத் தேர்வு பெற்ற முதற் பெண்ணானார். 1966-இல் ஊவர் பதக்கம் பெற்ற முதற் பெண்ணும் அவரே. 1972-ஆம் ஆண்டு சனவரி 2-ஆம் நாள், 93-ஆம் அகவையில் மறைந்தார். அமெரிக்க அரசு 1984-இல் அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டது.

புகழ்ந்தது போதும், குறையும் கூற வேண்டும். எவ்வேலைக்கும் 'ஒரே சிறந்த வழி' ஒன்று உண்டு என்று கில்பிரெத்து இணையர் முழங்கினர். பின்வந்த பணிச்சூழலியல் அதனை முழுமையாய் ஏற்கவில்லை. உடம்புகள் பல; நெட்டையும் குட்டையும், இளமையும் முதுமையும், ஆணும் பெண்ணும் ஒரே வார்ப்பில் வந்தவை அல்ல. ஆகவே பலகையும் இருக்கையும் ஆளுக்கேற்ப மாறுவனவாக இருக்க வேண்டும் என்றது பிந்திய அறிவியல். சுமைக்கும் அது கணக்குக் கண்டது. அமெரிக்க அரசின் தொழில்நலப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991-இல் திருத்தி வகுத்த வாய்பாட்டின்படி, எல்லாம் பொருத்தமாய் அமைந்த நிலையிலேயே தூக்கத்தக்க எடை 23 கிலோதான். சுமை உடம்பை விட்டு விலகினாலோ, தரையிலிருந்து எடுத்தாலோ, அடிக்கடி தூக்கினாலோ, இடுப்பைத் திருக்கினாலோ அவ்வளவு மேலும் குறையும்.

மற்றொரு குறை இதனினும் பெரிது. அசைவாய்வு முதலாளியின் கையில் அகப்பட்டால், ஐந்து அசைவில் முடியும் வேலையைக் காட்டி, மூவர் வேலையை ஒருவன் தலையில் ஏற்றவும் அது பயன்படும். மிச்சப்பட்ட நேரம் தொழிலாளியின் ஓய்வாகவும் மாறலாம். முதலாளியின் ஊதியமாகவும் மாறலாம். எதுவாக மாறும் என்பதை ஆய்வுக்கூடம் முடிவு செய்வதில்லை. அவ்வறிவு யார் கையில் இருக்கிறது என்பதே முடிவு செய்கிறது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்குள்ள பெருந்துணிக் கடைகளிலும் நகைக்கடைகளிலும் காலை முதல் இரவு வரை நின்றே வேலை செய்த பெண்கள் எத்தனை பேர்! வாங்க வருவோர் இல்லாத வேளையிலும் அமரலாகாது. சுவரில் சாயவும் ஆகாது. பக்கத்து மாநிலமாகிய கேரளத்தில் கடைப் பெண்கள் போராடினர். 2018-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் 2021-இல், 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர் அனைவருக்கும் பொருத்தமான இருக்கை வேண்டும் என்றும், பணியிடையே வாய்க்கும் நேரத்தில் அவர்கள் அமரலாம் என்றும் விதித்தது. 1916-இல் ஒரு நூல் சொன்ன உண்மை, 105 ஆண்டு கழித்து ஒரு நாற்காலியாய் இங்கே வந்து சேர்ந்தது!

சட்டம் வந்தது, அறிவு வந்ததா? 'பொருத்தமான இருக்கை' என்று சட்டம் சொல்கிறது. எவ்வளவு உயரம் பொருத்தம்? முதுகுக்குச் சாய்வு வேண்டுமா? கால் தரையைத் தொட வேண்டுமா? இவற்றை அறியாத பணியாளரிடம் உடைந்த முக்காலி ஒன்றைக் காட்டி, 'இதோ சட்டப்படி இருக்கை' என்றால், அவர் என்ன மறுமொழி கூறுவார்? உரிமை சட்டத்தில் எழுதப்படுகிறது. அதைக் கேட்டுப் பெறும் துணிவோ அறிவிலிருந்து பிறக்கிறது. அவ்வறிவு அவருக்குப் புரியும் மொழியில் இல்லையென்றால் சட்டமும் ஊமையே.

இதனால்தான் அறிவியல் தமிழில் வர வேண்டும் என்கிறது இவ்வியக்கம். மொழிப்பற்று வெறும் உணர்ச்சி என்று எள்ளுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பொறியோடு வரும் கையேடு ஆங்கிலத்தில். அப்பொறியில் கையை வைப்பவர் தமிழர். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் பயிற்றுவிக்கத் தொடங்கியது. அது நல்ல தொடக்கம். ஆனால், தொடக்கம் மட்டுமே. பொறிஞர் தமிழில் கற்றால்தான் கொத்தனாரிடமும் சித்தாளிடமும் தறிக்காரரிடமும் வினவி அறிய முடியும். 4000 பெண்களை அம்மையார் அவர்கள் மொழியில் வினவினார். அதனால் விடை கிடைத்தது.

சொற்களுக்கா இங்கே பஞ்சம்? சாரம், கரணை, மட்டப்பலகை, தூக்குநூல், தறி, நாடா, பட்டறை, உலைக்களம் என உழைப்பின் சொற்கள் தமிழில் மண்டிக் கிடக்கின்றன. அவை வீட்டுக் கொல்லையிலும் தெருக்கோடியிலும் இன்றும் உயிரோடு உலவுகின்றன. உழைத்தவர் படைத்த அச்சொற்களைப் படித்தவர் நூலில் ஏற்றினால் போதும். பணிச்சூழலியல் தமிழில் தானே தழைக்கும்.

ஆகவே, இளைஞர்களே! பொறியியல் பயில்வோர் தத்தம் ஊரின் ஒரு தொழிலையேனும் எடுத்துக்கொள்ளுங்கள். தறிக்குழியோ, செங்கற் சூளையோ, தையற் கூடமோ, எதுவாயினும் ஆகுக. அங்கே உழைப்பவரை வினவுங்கள். உடம்பு எங்கே நோகிறது என்று கேளுங்கள். பலகையின் உயரத்தை அளந்து பாருங்கள். கண்டதைத் தமிழில் எழுதி, அதை முதலில் அவ்வுழைப்பாளியின் கையிலேயே கொடுங்கள். தாய்மார்களே! உங்கள் அடுக்களையும் ஒரு பணிக்களம்; அதன் அடுப்பு உங்கள் உயரத்துக்கு அமையட்டும்; அதற்காக நீங்கள் குனிய வேண்டுவதில்லை.

களைப்பு ஊழன்று, அமைப்பின் பிழை. பிழையை அறிந்தவன் திருத்துவான். அறிவிக்க வேண்டியது தமிழறிந்தோர் கடன்!